டெல்பின் கடைக்குப் போணி

அக்டோபர் 6, திங்கள்

மைதா மில்காரர்கள் வருஷா வருஷம் டைரி கொடுக்கிறார்கள். மாவு விலையும் மாஸ்டர் லீவு போட்ட நாளும் தவிர நான் அதில் வேறு எதுவும் எழுதியதில்லை. இன்று வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். வெளியே சொன்னால் கௌரவக் குறைச்சல்.

பழைய பஸ் ஸ்டாப்பைத் தூக்கிக்கொண்டுபோய் பாலத்துக்கு அப்பால் வைத்துவிட்டார்கள். எங்கள் புஷ்பம் பேக்கரியின் உயிரே அந்த ஸ்டாப்பில்தான் இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவன் சும்மா நிற்க மாட்டான். ஒரு டீ, ஒரு தேங்காய் பன். இப்போது பாய்லர் தனக்குத்தானே கொதித்துக்கொண்டிருக்கிறது. வேறு இடம் பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் மாஸ்டர்களுக்குச் சம்பளம் போட முடியாது.

எனக்கென்று ஒரு இடம் இருக்கத்தான் செய்தது. பீச் ரோட்டில் என் மச்சினன் தர்மகண் வீட்டின் கீழ்த்தளம். கிளை போடக் கேட்டிருந்தேன். "பாக்கலாம் அத்தான், பாக்கலாம் அத்தான்" என்று இழுத்தவன், பிப்ரவரியில் நான் குடல்வால் ஆபரேஷனுக்குப் படுத்திருந்த வாரமாகப் பார்த்து டெல்பின் பர்னாந்து என்ற பெண்ணுக்கு வாடகைக்கு விட்டுவிட்டான். கப்பலில் ரொட்டி சுட்டவளாம். பிறகு வியன்னாவில் ஒரு பேக்கரியில் வேலையாம். இங்கே ஐரோப்பிய ரொட்டிக் கடை போடுகிறாளாம். அவள் அடுப்பு கடல் கடந்து வந்து சேரவே புரட்டாசி ஆகிவிட்டது. அதை உள்ளே இறக்க வாசல் சுவரையே இடித்துக் கட்டினார்கள். போன வாரம்தான் கடை திறந்தாள்.

ஆனால் ஒப்பந்தம் பதினோரு மாதம். டிசம்பரோடு முடிகிறது. தர்மகண் இன்று போனில் சொன்னான்: "உங்ககிட்ட கேக்காம குடுத்தது தப்புதான் அத்தான். டிசம்பர்ல வேணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இடம் உங்களுக்கு. வேண்டாம்னா அந்தப் பிள்ளைக்கே நீட்டிருதேன்."

நாளைக்கு நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன். எதிரியின் சரக்கு தெரியாமல் தொழில் செய்யக் கூடாது.

அக்டோபர் 7, செவ்வாய்

போனேன். சிரிப்புதான் வந்தது. பேக்கரி என்றால் சிவப்பு, பச்சை, மஞ்சளாகக் கண்ணைப் பறிக்க வேண்டாமா? மர அலமாரியில் நாலைந்து வகை ரொட்டி. கண்ணாடிக்குள் கொஞ்சம் பேஸ்ட்ரி. எல்லாமே மண் நிறம். டீ கிடையாது. புட்டியில் மிட்டாய்கூடக் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். தலையில் துணி கட்டியிருந்தாள். இரண்டு முன்கையிலும் ஓவன் கதவு சுட்ட தழும்புகள். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த விஷயமாக இருந்தது. எனக்கும் அதே இடத்தில் உண்டு.

உருண்டையாக ஒரு ரொட்டியைக் காட்டினேன். எடுத்துக் கையில் கொடுத்தாள். கல்லு மாதிரி இருந்தது.

"இது கொஞ்சம் கருகலா இருக்கே. வேற குடும்மா."

"அது அப்படித்தான் அண்ணாச்சி இருக்கும். அந்தக் கருப்புலதான் ருசி."

"அப்படின்னா வேண்டாம்" என்று திருப்பி வைத்தேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. ரொட்டியை அலமாரியில் வைத்தாள். பிறகு, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நீங்கதான் இன்னைக்கு முதல் ஆளு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். காலையில் முதலில் வருகிறவன் சரக்கைக் குறை சொல்லித் திருப்பி வைத்தால் அன்று முழுக்க மனசு என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். பகையாளி கடையாகவே இருக்கட்டும், போணியைக் கெடுக்க என் கை வராது. அந்த ரொட்டியையே வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அறுக்கும்போது தோல் பொருபொருவென்று உடைந்து சட்டையெல்லாம் சிதறியது. உள்ளே பார்த்தால் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. என் மாஸ்டர் இசக்கிமுத்து இப்படி ரொட்டி போட்டால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன். ஒரு துண்டு தின்றேன். லேசான புளிப்பு. மோசமில்லை. சோதனைக்காகப் பாதி ரொட்டி வரை தின்று பார்த்தேன்.

அக்டோபர் 8, புதன்

ஒரு நாள் சரக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று இன்றும் போனேன். நான் யார் என்று தெரிந்துவிடாமல் இருக்க, 'புஷ்பம் பேக்கரி' என்று எழுதிய துணிப்பையை உள்வெளியாகத் திருப்பிக்கொண்டேன். ரொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினேன். வெந்த ரொட்டி என்றால் உள்ளே கூடாக இருக்கிற சத்தம் கேட்கும். கேட்டது. நன்றாகவே கேட்டது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அண்ணாச்சி என்ன வேலை பாக்கீங்க?" என்றாள்.

"உப்புக் கம்பெனில கணக்கு. ரிட்டயர் ஆயாச்சு" என்றேன். தூத்துக்குடியில் யார் சொன்னாலும் நம்புகிற பொய்.

"நேத்து நீங்க வாங்கிட்டுப் போன பிறகு எல்லாம் வித்துப்போச்சு. நல்ல கைராசி. நாளைக்கும் நீங்களே வந்து போணி பண்ணுங்க அண்ணாச்சி."

ஒரு கடைக்காரி வாய்விட்டுக் கேட்ட பிறகு எந்த வியாபாரி மாட்டேன் என்பான்? மாட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 11, சனி

குரோசான் என்று ஒன்று. பார்க்க நண்டு முதுகு மாதிரி வளைந்து இருக்கிறது. நம் பப்ஸுக்குப் பெரியப்பா மகன் என்று நினைத்துக் கடித்தேன். கடித்த இடத்தில் சருகு மிதித்த சத்தம், உள்ளே ஈரமான மெத்தை. ஏடு ஏடாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு ஏட்டைப் பிடித்து ஜன்னலுக்கு நேரே காட்டினால் எதிர்வீட்டு வேப்பமரம் தெரிகிறது. எல்லாம் அசல் வெண்ணெய். இந்த ஊர்ப் புழுக்கத்தில் வெண்ணெய் உருகி ஓடாமல் இத்தனை மடிப்பு மடிக்க என்ன கை வேண்டும்! விடியற்காலையில் ஏசி போட்ட சின்ன அறைக்குள் நின்று தனி ஆளாக மடிக்கிறாளாம்.

எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினால் கை அழுகிப் போகும். பிடித்திருக்கிறது. ஆனால் இதெல்லாம் தூத்துக்குடியில் நிற்காது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய்க் குளியல் முடித்ததும் புதுச் சட்டையோடு பீச் ரோட்டுக்குப் போய்விட்டு வந்தேன். "நல்ல நாள்ல எங்க ஓடுதீங்க?" என்றாள் என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம். நடைப்பயிற்சி, டாக்டர் சொன்னது என்றேன். "எந்த டாக்டரு வாய் ஓரத்துல ரொட்டித்தூளோட நடக்கச் சொன்னாரு?" என்றாள்.

நவம்பர் 4, செவ்வாய்

புஷ்பத்திடம் முழுதும் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. அந்தக் கல்லு ரொட்டியை வாங்கிப் பார்த்தாள், முகர்ந்தாள், சட்டென்று அடுக்களைக்குப் போய் நேற்றைய சாளை மீன் குழம்பைச் சூடாக்கினாள். ரொட்டியைத் தடியாக அறுத்துத் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் முறுகவிட்டுத் தட்டில் வைத்தாள்.

நம் பன்னைக் குழம்பில் போட்டால் குழைந்து கூழாகிவிடும். இது அப்படியில்லை. அந்த ஓட்டைகள் ஒவ்வொன்றும் குழம்பைக் குடித்துவிட்டு, கடிக்கும்வரை கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கிறது. ரொட்டியின் புளிப்பும் குழம்பின் புளிப்பும் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள் மாதிரி சேர்ந்துகொண்டன. ஓட்டையை நான் பழித்தது என் விவரக்கேடு. இரண்டு பேரும் சாப்பிட்டோம். பேச வாய் காலியாக இல்லை.

"இந்த இடத்தையா நீங்க பிடுங்கப் போறீங்க?" என்றாள் புஷ்பம், தட்டைக் கழுவிக்கொண்டே.

பிடுங்குவது இல்லை, எனக்கு முதலில் சொல்லியிருந்த இடம்தான் என்றேன். அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

நவம்பர் 19, புதன்

நாலு நாளாக அடைமழை. டெல்பின் முகம் வாடியிருந்தது. "அண்ணாச்சி, மழைக்காலத்துல மாவு ஏன் இப்படி இளகுது? கையிலயே நிக்க மாட்டேங்குது" என்றாள். நமக்குத் தெரியாததா? காற்றில் ஈரம் ஏறினால் மாவு தானாகத் தண்ணீர் குடித்துவிடும், நீ ஊற்றுகிற தண்ணீரைக் குறை, நாலில் ஒரு பங்கு குறை, உப்பைக் கொஞ்சம் கூட்டு என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு வந்தேன். நல்லவேளை, நான் யார் என்பதைக் காட்டிக்கொள்ளவில்லை.

நவம்பர் 20, வியாழன்

கடை வாசலில் கண்ணாடிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு ரொட்டியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள்.

"இது என்னதும்மா?"

"உங்க யோசனைதான் அண்ணாச்சி."

அவளுடைய மாவுக்கு ஈஸ்ட்டே கிடையாதாம். தினமும் கொஞ்சம் மாவை எடுத்துவைத்துப் புளிக்கவிட்டு, அதைக் கொண்டுதான் மறுநாள் மாவைப் பொங்கவைக்கிறாள். அதற்குத் தண்ணீர்தான் உயிர். நான் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்! வாய்விட்டுச் சிரித்தாள், நானும் சிரித்தேன். முப்பது வருஷம் மாவு பிசைந்தவனுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தமாக இல்லை. எதனாலோ சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த முட்டு ரொட்டியை எனக்கே கொடுத்துவிடச் சொன்னேன். தர மறுத்துவிட்டாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் போன வருஷத்தில் பாதிகூட இல்லை. சுட்ட பன்னில் ஒரு தட்டு மாலையில் அப்படியே கிடந்தது. ஆட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டோம். இசக்கிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். "மொதலாளி, சாத்தூர்ல ஒரு கடைல கூப்பிடுதாங்க. பிள்ளைக ரெண்டும் படிக்குது. நீங்க இருக்கச் சொன்னா இருக்கேன்" என்றான்.

இருக்கச் சொன்னேன். எதை நம்பிச் சொன்னேன்? பீச் ரோட்டை நம்பித்தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

தர்மகண் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை டெல்பினுக்குச் சர்ச்சில் பூசை, கடை கிடையாது. அதனால் இன்று நான் அவள் முகத்தில் முழிக்கவில்லை. அதுவும் ஒரு வசதியாகப் போயிற்று.

"முடிவா சொல்லுங்க அத்தான். நாளைக்கு அந்தப் பிள்ளைட்ட நான் பேசணும்லா."

வேணும் என்று சொல்லிவிட்டேன்.

புஷ்பம் அவனுக்கு மோர் ஊற்றினாள். எனக்கு ஊற்ற மறந்துவிட்டாள்.

டிசம்பர் 15, திங்கள்

போகவில்லை. கடையில் வேலை அதிகம்.

டிசம்பர் 16, செவ்வாய்

போகவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

போகவில்லை. டீயோடு நம் கடை ரஸ்க்கையே வைத்தாள் புஷ்பம். நல்ல ரஸ்க்தான். இனிப்பு ஒரு துளி தூக்கல் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

டிசம்பர் 22, திங்கள்

தர்மகண் போன் செய்தான். அன்றைக்கு ஊருக்குப் போகவேண்டி வந்து, இன்றுதான் அவளிடம் சொன்னானாம்.

"அழல அத்தான். சண்டையும் போடல. அடுப்பை வெளிய எடுக்கணும்னா செவுத்தை மறுபடி இடிக்கணும், அதுக்குள்ள கல்லுத் தளம் இருக்கு, அசைச்சா விரிஞ்சுரும், வேற கல்லு வாங்க எங்கிட்ட வழி இல்லைன்னா. அவ்வளவுதான். அப்புறம் வேற எதோ கேட்டா. 'அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லையா, ஒரு வாரமா காணலையே'ன்னு. எந்த அண்ணாச்சின்னேன். உப்புக் கம்பெனி அண்ணாச்சியாம். உங்களுக்கு யாரும் தெரியுமா?"

தெரியாது என்றேன். தெரியாது என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

கேக் எல்லாம் விற்றுத் தீர்ந்தது, போட்டதே கொஞ்சம் என்பதால். நான் ஒரு துண்டுகூடத் தொடவில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

காலையில் எழுந்து பையை எடுத்தேன். உள்வெளியாகத் திருப்பவில்லை.

கடை திறந்திருந்தது. அலமாரியில் பாதி காலி. கீழே அட்டைப் பெட்டிகளில் தட்டுகள், டின்கள், மடித்த துணிகள். அடுப்பு மட்டும் அதன் இடத்தில் இருந்தது. டெல்பின் என் பையில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை.

"வாங்க அண்ணாச்சி. இன்னைக்குத்தான் நேரா பிடிச்சிருக்கீங்க. திருப்பிப் பிடிச்சாலும் எழுத்து தெரியத்தான் செய்யும்."

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "எப்பத்துல இருந்து தெரியும்?"

"ரெண்டாம் நாளே தெரியும். உப்புக் கம்பெனிக்காரங்க யாரும் ரொட்டியைக் கவுத்திப்போட்டு அடியில தட்டிப் பாக்க மாட்டாங்க. தர்மகண் அண்ணாச்சியும் இடம் தரும்போதே சொன்னாங்க, இது புஷ்பம் பேக்கரி வச்சிருக்க எங்க அத்தான் கேட்ட இடம், அதனால பதினோரு மாசம்தான் எழுதுவேன்னு."

"தெரிஞ்சுமா என்னைப் போணி பண்ணச் சொன்ன?"

"தெரிஞ்சதாலதான்." ஒரு பெட்டியைக் காலால் நகர்த்திவிட்டு எதிரே நின்றாள். "முதல் நாளு வேண்டாம்னு வச்சிட்டு, நீங்கதான் முதல் ஆளுன்னு சொன்னதும் திரும்ப எடுத்தீங்க பாருங்க. பிடிக்காத கடையோட போணியக்கூட கெடுக்க மனசு வராத மனுசன். அப்படிப்பட்ட கையால தினமும் காசு வாங்கினா நல்லதுதானேன்னு நெனச்சேன்." தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். "அது மட்டும் இல்ல. உள்ளதைச் சொல்லணும்லா. போணி பண்ணின கடைய எந்த வியாபாரியும் மூட மாட்டாருன்னும் ஒரு கணக்கு வச்சிருந்தேன். அந்தக் கணக்கு தப்பிப்போச்சு. பரவாயில்ல."

அந்தப் 'பரவாயில்ல' என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. கெட்டிக்காரிதான், என்னை அளந்து வலை போட்டிருக்கிறாள். ஆனால் அந்த வலையில் என்ன வைத்தாள்? தினம் ஒரு நல்ல ரொட்டி. என்னைப் பற்றி நல்லவிதமாக ஒரு எண்ணம். கோபப்பட எனக்கு இடமே இல்லை.

"இன்னைக்குப் போணி ஆயிருச்சா?" என்றேன்.

"இன்னும் இல்ல."

உருண்டை ரொட்டியை எடுத்தேன். கவிழ்த்துத் தட்டினேன். எத்தனை கவலையிலும் அவள் ஒரு ரொட்டியைக்கூட அரைகுறையாக இறக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வயதான காலத்தில் இது ஒரு கஷ்டம். காசைக் கையில் கொடுத்து, "பெட்டியெல்லாம் கட்டாத. அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் படியில் ஏறி மாடிக்குப் போனேன்.

தர்மகண் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பிள்ளைக்கே நீட்டிரு."

"அத்தான்! அப்ப உங்களுக்கு?"

"என் கடை இருக்க இடத்துல இருக்கட்டும்."

"கூட ரெண்டு வருசம் எழுதவா?"

"பதினோரு மாசம்னு இனிமே எழுதாத. அடுப்பு இருக்க வரைக்கும்னு எழுது."

வாய் கொப்பளிக்கக்கூட மறந்து என்னையே பார்த்தான்.

டிசம்பர் 27, சனி

வீரமாகச் சொல்லிவிட்டு வந்தாயிற்று. இசக்கிமுத்துவுக்கு என்ன பதில் சொல்வது? மத்தியானம் முழுக்க ஈ ஓட்டினேன்.

சாயங்காலம் புஷ்பத்திடம் புலம்பினேன். அவள் அந்த ரொட்டியைத் தோசைக்கல்லில் போட்டுக்கொண்டே, "அந்த உப்புக் கம்பெனிக்காரர்ட்ட சொல்லுங்க, கல்யாண மண்டபத்துக்குப் பன் எடுத்துட்டுப் போன நம்ம தள்ளுவண்டி கொல்லைல துருப்பிடிச்சுக் கெடக்குன்னு" என்றாள்.

"அதுக்கு என்ன?"

"பஸ் ஸ்டாப்பு பாலத்துக்கு அந்தப் பக்கம் போச்சுன்னா, பன்னுக்குக் கால் இல்லையா? போகட்டும். இசக்கிமுத்து டீ போட மாட்டானா?"

மூன்று மாதமாக ஐரோப்பாவையே ஆராய்ச்சி பண்ணியவனுக்கு, கொல்லையில் கிடந்த வண்டி கண்ணில் படவில்லை.

டிசம்பர் 31, புதன்

வண்டிக்குப் பச்சைப் பெயின்ட். இசக்கிமுத்து நேற்று முதல் பாலத்துக்கு அப்பால். பன் முழுதும் காலி, டீ இரண்டாம் முறை போட்டான். முழுசாக நிமிர்ந்தோம் என்று சொல்ல மாட்டேன். சம்பளத்துக்குக் குறையிருக்காது என்று தோன்றுகிறது. சாத்தூர்க்காரர்களிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டானாம்.

ஜனவரி 1, வியாழன்

புது டைரி இன்னும் வரவில்லை. இதன் கடைசியில் கட்டம் போட்ட ஒரு பக்கம் காலியாகக் கிடக்கிறது, அதில் எழுதுகிறேன்.

வருஷப் பிறப்பு. இருட்டு பிரிகிற நேரத்தில் ஷட்டரைத் தூக்கினேன். ஸ்டாப் போன பிறகு இந்த நேரத்துக்கு ஒரு ஆளும் வருவதில்லை. சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுத் திரும்பினால், வாசலில் டெல்பின் நிற்கிறாள். தலையில் அதே துணி, கையில் ஒரு பை. ராத்திரிப் பூசைக்குப் போய்விட்டு அப்படியே மாவு பிசைந்துவிட்டு வந்திருப்பாள் போல, நெற்றியில் மாவு.

"போணி ஆயிருச்சா அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"அந்தப் பெரிய ரொட்டி ஒண்ணு குடுங்க."

கொடுத்தேன். நம் ரொட்டி, பால் சேர்த்தது, மெத்து மெத்தென்று இருப்பது. பரீட்சைக்குப் போன பிள்ளை மாதிரி நின்றேன். அவள் அதைக் கவிழ்த்தாள். அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு என்னிடமே நீட்டினாள்.

"இது கொஞ்சம் கருகலா இருக்கே. வேற குடுங்க."

உள்ளேயிருந்து இசக்கிமுத்து பதறிக்கொண்டு ஓடிவந்தான், வருஷத்தின் முதல் போணியில் ஒரு பொம்பளை சரக்கைத் திருப்புகிறாளே என்று. நான் அவனைக் கையால் அமர்த்தினேன்.

"அது அப்படித்தான்மா இருக்கும். அந்தக் கருப்புலதான் ருசி."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, எனக்கும்தான். கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தேன். இசக்கிமுத்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் நெற்றி மாவைப் புறங்கையால் துடைத்துவிட்டு, காசை எண்ணாமல் என் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு பேர் கையிலும் தழும்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டேன்.

"நாளைக்கும் நீயே வந்து போணி பண்ணும்மா" என்றேன்.

"வாரேன் அண்ணாச்சி. நீங்களும் அங்க வந்து போணி பண்ணணும், அதான் பேச்சு" என்று சொல்லிவிட்டு, தன் கடை திறக்க ஓடினாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே புறப்பட்டேன்.